ஈரலில் குடியிருக்கும் சினம்

நமக்குச் சின்னம்மா முறையாகும் ஒருவர், கணவரை இழந்த ஓராண்டுக்குள் ஒரு புதிய நோயைச் சொல்லத் தொடங்கினார். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பார். விழுங்கினால் இறங்குவதில்லை, காறினால் வெளியே வருவதுமில்லை. ஆனால் சோறும் நீரும் தடையின்றி இறங்கின. மூன்று மருத்துவர்களிடம் அழைத்துச் சென்றோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். கடைசியாகப் பார்த்தவர் நம்மைத் தனியே அழைத்து, "எல்லாம் மனசுதான்" என்றார். அது எப்படியோ சின்னம்மாவின் காதுக்கு எட்டிவிட்டது. "அப்போ நான் பொய் சொல்றேனா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, சீன மருத்துவ வரலாறு குறித்த நூல்களைப் புரட்டிக்கொண்டிருக்கையில் அதே தொண்டையை மீண்டும் சந்தித்தோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த சாங் சோங்ஜிங் என்ற மருத்துவரின் பெயரால் வழங்கும் 'ஜின்குய் யாவ்லுவே' என்னும் நூல், சுட்ட இறைச்சித் துண்டு ஒன்று தொண்டையில் ஒட்டிக்கொண்டதைப் போலப் பெண்கள் உணரும் நோயொன்றைச் சொல்லி, அதற்கு ஐந்து சரக்குகள் சேர்ந்த கஷாயத்தையும் தருகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், சோங் அரசமரபின் மருந்தகத் தொகுப்பில் ஏறக்குறைய அதே கஷாயம் வேறொரு பெயரில் தோன்றுகிறது. 'நான்கு-ஏழு கஷாயம்' என்பது அப்பெயர். நான்கு என்பது மருந்துச் சரக்குகளின் எண்ணிக்கை. ஏழு என்பது உணர்ச்சிகளின் எண்ணிக்கை: மகிழ்ச்சி, சினம், கவலை, சிந்தனை, துயரம், அச்சம், திடுக்கீடு. இவ்வுணர்ச்சிகள் உள்ளே தேங்கித் திரண்டு, பிளம்பழக் கொட்டையைப் போலத் தொண்டையில் நிற்கின்றன என்பது அந்நூல் தரும் விளக்கம். இன்றும் சீன மருத்துவர்கள் அந்நோயைப் பிளம்கொட்டை என்ற பெயராலேயே அழைக்கின்றனர்.

அக்கஷாயம் நோயைத் தீர்த்ததா என்பதைப் பேச நாம் வரவில்லை. ஒரு பெண் தொண்டையில் கொட்டை இருக்கிறது என்று சொன்னபோது, அம்மரபு ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை; இருக்கிறது என்றது. அப்படிச் சொல்ல எந்தச் சிந்தனை இடம்கொடுத்தது, அச்சிந்தனை எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குளிரும் வெப்பமும் போல

சீன மருத்துவத்தின் மூலநூலாகப் போற்றப்படுவது 'ஹுவாங்டி நெய்ஜிங்'. 'மஞ்சள் பேரரசரின் உள்நூல்' என்று தமிழில் சொல்லலாம். புராண காலத்து மன்னர் வினவ, சீபோ முதலிய அமைச்சர்கள் விடை பகரும் உரையாடலாக அமைந்தது. 'சூவென்', 'லிங்ஷு' என்னும் இரு பகுதிகளில் பகுதிக்கு 81 இயல்கள் உள்ளன. இது ஒருவர் எழுதிய நூலன்று. ஹான் பேரரசுக் காலத்தில், பெரும்பாலும் கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளில், பலர் எழுதியவை தொகுக்கப்பட்டு உருவானது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அந்நூலைப் படிக்க 'ச்சி' என்ற ஒரு சொல்லை அறிந்துகொள்ள வேண்டும். மூச்சு, காற்று, ஆவி, ஆற்றல் ஆகிய பொருள்கள் அனைத்தும் கலந்த சொல் அது. அதன் பழைய எழுத்துருவில் ஆவியைக் குறிக்கும் கோடுகளும் அரிசியைக் குறிக்கும் உருவும் சேர்ந்து நிற்கின்றன. உலை கொதிக்கையில் எழும் ஆவியை நினைத்துக்கொண்டால் போதும். உடலெங்கும் ஓடுவது அது. அது தடையின்றி ஓடினால் நலம், தேங்கினாலோ தாறுமாறாக ஓடினாலோ நோய்.

சூவெனின் 39ஆம் இயல், நோய்கள் யாவும் ச்சியின் பிறழ்ச்சியால் வருவன என்று கூறி, அப்பிறழ்ச்சிகளை ஒன்பதாக வகுக்கிறது. சினந்தவன் முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைக்கிறதே, அது ச்சி மேல்நோக்கிப் பாய்ந்ததன் அடையாளம். அச்சமுற்றவனுக்குக் கால் துவண்டு சிறுநீர் கழிந்துவிடுகிறதே, அது கீழ்நோக்கி இறங்கியதன் அடையாளம். துயரத்தில் அது மெல்லக் கரைந்துபோகிறது. மகிழ்ச்சியில் இறுக்கம் தளர்கிறது. திடுக்கிடும்போது ஒழுங்கு குலைகிறது. ஒன்றையே ஓயாமல் நினைத்துக்கொண்டிருப்பவனுக்கோ நூல் சிக்குவதைப் போல முடிச்சு விழுகிறது. ஆக ஆறு. எஞ்சிய மூன்று எவை? குளிர், வெப்பம், மிகையான உழைப்பு.

இந்தப் பட்டியலின் அமைப்பை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். சினமும் குளிரும் ஒரே வரிசையில் நிற்கின்றன. மனத்தில் ஏற்பட்ட ஒன்று உடலை எப்படித் தாக்குகிறது என்ற கேள்வியே அங்கு எழவில்லை. அக்கேள்வி எழ வேண்டுமானால் மனம் வேறு, உடல் வேறு என்று முதலில் பிரித்திருக்க வேண்டும். குளிர் எப்படி உடலில் நிகழ்கிறதோ அப்படியே சினமும் உடலில் நிகழ்கிறது. மனமும் உடலும் ஒன்றையொன்று பாதிக்கும் எனச் சீனர்கள் அன்றே கண்டறிந்தனர் என்று இக்காலத்தில் பலர் எழுதுகின்றனர். அது பாராட்டுப் போலத் தோன்றினாலும் சரியன்று. அவர்கள் இரண்டை இணைக்கவில்லை. இரண்டாகப் பார்க்கவே இல்லை.

ஐந்து களஞ்சியங்கள்

அடுத்து உறுப்புகள். நெய்ஜிங் ஐந்து உள்ளுறுப்புகளைக் களஞ்சியங்கள் எனக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் உணர்ச்சியையும் ஐம்பொருள்களில் ஒன்றையும் பொருத்துகிறது. கல்லீரலுக்கு மரமும் சினமும். இதயத்துக்கு நெருப்பும் மகிழ்ச்சியும். மண்ணீரலுக்கு நிலமும் சிந்தனையும். நுரையீரலுக்கு உலோகமும் துயரமும். சிறுநீரகத்துக்கு நீரும் அச்சமும். மண்ணீரல் என்ற நம் சொல்லிலேயே மண் இருக்கிறதே என்று தமிழ் படித்தவர்க்கு உடனே ஓர் ஆசை எழும். சொல்லொற்றுமையை மட்டும் வைத்து ஆய்வு எழுதும் அந்த ஆசையை அடக்கிக்கொள்வோம். ஆயினும், அஞ்சினால் ஈரக்குலை நடுங்குவதாகவும், பொறாமையால் வயிறு எரிவதாகவும் சொல்லிப் பழகிய நமக்கு, இப்பட்டியல் முற்றிலும் அயலானதாகத் தோன்றாது.

இங்கே கல்லீரல் என்பது இன்றைய உடற்கூற்றியல் காட்டும் கல்லீரல் மட்டுமன்று. சூவெனின் எட்டாம் இயல் உடலையே ஓர் அரசவையாகக் காட்டுகிறது. இதயம் அரசன், நுரையீரல் அமைச்சன், கல்லீரல் படைத்தலைவன். கி.மு. 221இல் சின் அரசன் ஏழு நாடுகளையும் ஒரே பேரரசாக்கினான். அவனுக்குப் பின் வந்த ஹான் மரபு அப்பேரரசைச் சாலைகளாலும் கால்வாய்களாலும் தானியக் களஞ்சியங்களாலும் பிணைத்தது. அந்த நாட்டில் எழுதப்பட்ட மருத்துவ நூலில் உடலுக்குள் கால்வாய்களும் களஞ்சியங்களும் அதிகாரிகளும் இருப்பது தற்செயலாகாது என்று மருத்துவ வரலாற்றாசிரியர் பால் உன்ஷுல்ட் விளக்கியுள்ளார்.

இவ்வமைப்பு தொன்றுதொட்டு இருந்ததன்று; ஒரு காலகட்டத்தில் கட்டப்பட்டது. ஹுனான் மாநிலத்தின் சாங்ஷா நகரில், மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்று 1973இல் திறக்கப்பட்டது. அதில் பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. அவற்றில் உடலில் ஓடும் நாளங்கள் பன்னிரண்டாக அன்றிப் பதினொன்றாகவே உள்ளன. உறுப்பையும் உணர்ச்சியையும் ஐம்பொருளையும் பொருத்தும் நெய்ஜிங்கின் முழு அமைப்பு அங்கு இல்லை. சாங்ஷா என்ற ஊர்ப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மீண்டும் அங்கு வருவோம்.

சினத்தை ஊட்டிய மருத்துவன்

உணர்ச்சி உடலில் நிகழ்வது என்றால், அதையே மருந்தாகவும் கொடுக்கலாம் அல்லவா? ஐம்பொருள்களில் ஒன்று மற்றொன்றை வெல்லும் என்பது பண்டைச் சீனக் கோட்பாடு. உலோகம் மரத்தை வெட்டும். ஆகவே துயரம் சினத்தை வெல்லும். நீர் நெருப்பை அணைக்கும். ஆகவே அச்சம் மிகைமகிழ்ச்சியை வெல்லும். மரம் நிலத்தைப் பிளக்கும். ஆகவே சினம், முடிச்சிட்ட சிந்தனையை அவிழ்க்கும். நெருப்பு உலோகத்தை உருக்கும். ஆகவே மகிழ்ச்சி துயரத்தைக் கரைக்கும். நிலம் நீரைத் தடுக்கும். ஆகவே சிந்தனை அச்சத்தை அடக்கும்.

இக்கோட்பாடு நெய்ஜிங்கில் ஏறுவதற்கு முன்பே ஒரு கதை வழங்கிவந்தது. கி.மு. 239ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட 'லூஷி சுன்ச்சியு' என்னும் நூலில் அது உள்ளது. சீ நாட்டு அரசனுக்குத் தீராத நோய். சோங் நாட்டிலிருந்து வென் ஜி என்ற மருத்துவனை வரவழைத்தார்கள். நோயைக் கண்ட வென் ஜி, அரசனின் மகனிடம் தனியே பேசினான். நோய் தீரும், ஆனால் கடுஞ்சினம் ஊட்டினால்தான் தீரும், சினம் ஊட்டினால் என் உயிர் போகும் என்றான். என் தாயும் நானும் உமக்காக மன்றாடுவோம் என்று மகன் வாக்களித்தான். வென் ஜி ஒப்புக்கொண்டான். மூன்று முறை நாள் குறித்துவிட்டு மூன்று முறையும் வராமல் இருந்தான். பின் ஒருநாள் வந்து, காலணியைக் கழற்றாமலே அரசனின் கட்டிலில் ஏறி, ஆடையை மிதித்துக்கொண்டு நலம் விசாரித்தான். அரசன் வாய்திறக்கவில்லை. மேலும் இழிவாகப் பேசினான். அரசன் கத்திக்கொண்டு எழுந்தான். நோய் நீங்கிற்று.

சினம் மட்டும் நீங்கவில்லை. அரசியும் மகனும் மன்றாடியும் கேளாமல், வென் ஜியை உயிரோடு கொப்பரையிலிட்டு வேகவைக்கக் கட்டளையிட்டான் அரசன். மூன்று பகலும் மூன்று இரவும் வெந்தும் அவன் சாகவில்லையாம். என்னைக் கொல்லத்தான் வேண்டுமெனில் மூடியைப் போட்டு மூடுங்கள் என்று அவனே வழி சொன்னானாம். மூடினார்கள், இறந்தான்.

கதையில் கற்பனை கலந்திருப்பது வெளிப்படை. ஆயினும் அது ஓர் உண்மையைப் பிடித்து வைத்திருக்கிறது. வேரையும் பட்டையையும் அளந்து கொடுக்கலாம். உணர்ச்சியை மருந்தாகக் கொடுப்பவனோ, அது யாருக்குள் போய் எழும் என்பதைக் கணக்கிட்டாக வேண்டும். ஏழையின் சினம் அவன் ஈரலோடு நின்றுவிடும். அரசனின் சினத்துக்குக் கொப்பரையும் விறகும் ஏவலரும் உண்டு.

ஹான் பேரரசின் இறுதிக்காலத்து மருத்துவர் ஹுவா துவோவைப் பற்றியும் இத்தகைய செய்தி ஒன்று 'மூன்று அரசுகளின் வரலாறு' நூலில் உள்ளது. நோயுற்ற ஆளுநர் ஒருவரிடம் பெரும்பொருள் பெற்றுக்கொண்டு, சிகிச்சை ஏதும் செய்யாமல், வசைமடல் ஒன்றை எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். ஆளுநர் அவரைக் கொல்ல ஆளனுப்ப, செய்தியறிந்த மகன் தடுத்துவிட்டான். அதனால் சினம் மேலும் பொங்கிக் கரும்குருதி கக்கி, ஆளுநர் நலம் பெற்றார். ஹுவா துவோ அன்று தப்பினார். பின்னாளில் அவரைக் கொன்றவர் சாவ் சாவ் என்ற வேறொரு நோயாளி. அவரும் பெரும் அதிகாரம் படைத்தவரே.

மேசையைத் தட்டிய ஓசை

உணர்ச்சிகள் நோய்க்காரணங்களாக முறையாக வகைப்பட்டது சோங் காலத்தில். 1174இல் சென் யான் என்பவர் எழுதிய நூல் நோய்க்காரணங்களை மூன்றாகப் பிரித்தது: வெளியிலிருந்து வரும் காற்று, குளிர் முதலிய ஆறு, உள்ளிருந்து எழும் ஏழு உணர்ச்சிகள், இவ்விரண்டிலும் சேராத காயம், விலங்குக்கடி, உணவுக்கேடு போன்றவை. இந்த முப்பிரிவு அவருக்குப் பின்னர் சீன மருத்துவத்தில் நிலைபெற்றுவிட்டது.

அக்கோட்பாட்டை நோயாளியின் வீட்டுக்குள் கொண்டுசென்றவர்களில் நம்மைக் கவர்ந்தவர் சாங் சோங்செங். சாங் ஸிஹே என்றும் அவரை அழைப்பர். வடசீனத்தில் ஜின் அரசு ஆண்ட காலத்தில் (1115–1234) வாழ்ந்தவர். போரும் கொள்ளையும் மலிந்த காலம் அது. அவருடைய 'ரூமென் ஷிச்சின்' நூலில் ஒரு நோயாளியின் வரலாறு வருகிறது. பயணத்தில் ஓர் இரவு, விடுதியின் மாடியில் தங்கியிருந்த பெண்ணொருத்தி, கொள்ளையர் புகுந்து தீவைத்ததைக் கண்டு கட்டிலிலிருந்து விழுந்தாள். அதன்பின் சிறு ஓசை கேட்டாலும் மயங்கி விழத் தொடங்கினாள். வீட்டார் பூனைநடை நடந்தார்கள். ஓராண்டுக்கு மேலாகியும் நோய் தீரவில்லை. வேறு மருத்துவர்கள் இதயநோய் எனக் கருதிக் கொடுத்த மருந்துகள் பயன்படவில்லை.

சாங் என்ன செய்தார்? இரு பணிப்பெண்கள் கைகளைப் பிடித்துக்கொள்ள, அவளை நாற்காலியில் அமரவைத்தார். எதிரே ஒரு சிறுமேசையை வைத்தார். இதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு மேசையை ஒரு கட்டையால் ஓங்கித் தட்டினார். அவள் பதறினாள். நான் மேசையைத்தானே தட்டினேன், இதற்கு ஏன் பதற்றம் என்றார். சற்றுப் பொறுத்து மீண்டும் தட்டினார். பதற்றம் குறைந்தது. மீண்டும் மீண்டும் தட்டினார். பிறகு கோலால் கதவை அடிக்கச் செய்தார். அவளறியாமல் பின்புறச் சன்னலைக் கீறச் செய்தார். அவள் மெல்ல அமைதியுற்றுச் சிரித்துவிட்டாள். அன்றிரவு விடியும்வரை கதவையும் சன்னலையும் ஆள்விட்டுத் தட்டவைத்தார். சில நாளில் இடியோசைக்கும் அவள் அஞ்சவில்லை.

திடுக்கீட்டைத் தீர்க்கும் வழி அதை வழக்கமானதாக்கிவிடுவதே என்பது சாங்கின் விளக்கம். நாள்தோறும் பழகிய ஒன்று யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாகப் பழக்கி அச்சம் நீக்கும் முறையை மேலைநாட்டில் ஜோசப் வோல்ப் 1958இல் நூலாக வெளியிட்டார் என்பதை அறிந்தவர்கள் இங்கு வியப்படைவார்கள். வியக்கலாம், ஆனால் அதைக் கொண்டு ஐம்பொருட் கோட்பாடு மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதாகக் கொள்ள இயலாது. அந்தப் பெண்ணைக் குணமாக்கியது மரமோ உலோகமோ அன்று. அவளுடைய நோயை ஒருவர் நம்பினார், அருகில் அமர்ந்தார், அவளோடு பேசிக்கொண்டே தட்டினார் என்பதே நம் கண்ணுக்குப் படுகிறது.

இதே நூலில், ஓயாச் சிந்தனையால் ஈராண்டு உறக்கமற்றிருந்த பெண்ணைப் பற்றியும் படிக்கிறோம். கணவனோடு கலந்துபேசிக்கொண்டு, பெரும்பொருள் வாங்கிப் பல நாள் மது அருந்திவிட்டு, மருந்தே எழுதாமல் சாங் கிளம்பிவிட்டார். அவளுக்கு அடங்காச் சினம் வந்தது, வியர்த்தது, அன்றிரவு உறங்கினாள். எட்டொன்பது நாள் எழவேயில்லை. ஹுவா துவோவின் உத்திதான். ஆனால் இங்கே ஒரு மாற்றம் உண்டு. அங்கே நோயாளி ஆளுநர், மருத்துவர் ஓடினார். இங்கே நோயாளி ஒரு பெண். அவளுக்குத் தெரியாமல் திட்டமிட்டவர்கள் கணவரும் மருத்துவரும்.

அறைந்த கையும் நாடி பிடித்த கையும்

இந்த மருத்துவம் மக்கள் வாழ்வில் எவ்வளவு ஊறியிருந்தது என்பதை இலக்கியம் காட்டும். வூ ஜிங்ஸி (1701–1754) எழுதிய 'ரூலின் வாய்ஷி' என்ற அங்கத நாவலில் ஃபான் ஜின் என்ற ஏழை அறிஞர் வருகிறார். பலமுறை தோற்று, ஐம்பது கடந்த வயதில் மாநிலத் தேர்வில் வெல்கிறார். செய்தி கேட்டதும் மகிழ்ச்சி மிகுந்து பித்தேறி, கைகொட்டிச் சிரித்தபடி ஓடிக் குட்டையில் விழுகிறார். அவர் அஞ்சும் ஒருவர் கன்னத்தில் அறைந்தால் தெளியும் என்கிறார் ஒருவர். மாமனாரான கசாப்புக்காரர் ஹூவைத் தேடிப் பிடிக்கிறார்கள். நேற்றுவரை மருமகனை வாய்க்கு வந்தபடி திட்டியவருக்கு இன்று கை எழவில்லை. தேர்வில் வென்றவர் வானத்து விண்மீன் ஆயிற்றே! இரண்டு கிண்ணம் மது குடித்துவிட்டு அறைகிறார். மருமகனுக்குப் பித்தம் தெளிகிறது. மாமனாருக்குக் கை வலிக்கிறது, மடக்க முடியவில்லை. அச்சம் மகிழ்ச்சியை வெல்லும் என்னும் கோட்பாட்டை இதைவிட நகைச்சுவையோடு யாரும் எழுதியதில்லை. யார் யாரை அறையலாம் என்பதைத் தேர்வு முடிவு ஒரே நாளில் மாற்றிவிடும் சமூகத்தையும் சேர்த்தே அவர் எழுதிவிட்டார்.

ஏறக்குறைய அதே காலத்தில் சாவ் ஷுவேச்சின் எழுதிய 'செம்மாடக் கனவு' நாவலில் சிரிப்புக்கு இடமில்லாத காட்சி ஒன்றுண்டு. பெருங்குடும்பத்தின் இளம் மருமகள் சின் கேச்சிங் நோயுறுகிறாள். வரவழைக்கப்பட்ட மருத்துவர், நோய்வரலாறு எதையும் கேட்காமல் முதலில் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். மிகுந்த அறிவும் மான உணர்வும் உடையவள், அதனால் மனத்துக்கு ஒவ்வாதவை பல நேர்கின்றன, அதனால் கவலை, கவலையால் மண்ணீரல் கெட்டது, கல்லீரல் மிகைத்தது என்று சொல்கிறார். அருகிலிருந்த பணிப்பெண் வியந்து ஒப்புக்கொள்கிறாள். மருந்துச் சீட்டு எழுதப்படுகிறது. அந்தப் பெண் இறந்துபோகிறாள்.

மருத்துவர் தவறவில்லை. கவலை என்று சரியாகவே சொன்னார். ஆனால் அக்கவலையை விளைவித்த வீடு, அதன் அதிகாரம், அதன் மறைப்புகள் எதுவும் சீட்டில் எழுதக்கூடியவையல்ல. மண்ணீரலும் கல்லீரலும் எழுதக்கூடியவை. ஏழாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மருத்துவர் சுன் ஸிமியாவ், பெண்களின் அன்பும் பொறாமையும் கவலையும் ஆழப் பற்றுபவை என்றும், அதனாலேயே அவர்கள் நோய் தீர்ப்பது அரிது என்றும் எழுதிவைத்துவிட்டார். பற்றுவது பெண்ணின் இயல்பு என்று சொல்லிவிட்டால், பற்றிக்கொள்ள வேறு என்ன வழியை வீடு அவளுக்கு விட்டுவைத்தது என்று கேட்க வேண்டியதில்லையே.

சாங் ஸிஹே செய்ததைப் போன்ற உணர்ச்சி மருத்துவம் பிற்காலத்தில் அருகிக் கஷாயமும் மாத்திரையும் மேலோங்கின. தேங்கிய கல்லீரல் ச்சியை ஓடவிடும் மருந்தொன்றுக்கு 'ஷியாவ்யாவ்' தூள் என்று பெயர். ஜுவாங்ஸி நூலின் முதல் இயலின் தலைப்பில் உள்ள, கட்டற்று உலாவுதல் என்று பொருள்படும் சொல் அது. வீட்டைவிட்டு உலாவ இயலாத எத்தனையோ பெண்கள் அந்தத் தூளை உண்டிருப்பார்கள்.

மீண்டும் சாங்ஷா

மாவாங்துய் கல்லறை திறக்கப்பட்ட அதே சாங்ஷா நகருக்கு 1980இல் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வந்தார். மானிடவியலும் பயின்றவர். ஹுனான் மருத்துவக் கல்லூரியில், 'ஷென்ஜிங் ஷுவாய்ருவோ' என்று நோய் கணிக்கப்பட்டிருந்த 100 பேரை அவரும் சீன மருத்துவர்களும் ஆராய்ந்தார்கள். நரம்புத் தளர்ச்சி என்று அதைத் தமிழாக்கலாம். தலைவலி, தூக்கமின்மை, தலைசுற்றல், அசதி, உடல்வலி ஆகியவை அவர்கள் சொன்ன குறைகள்.

இந்நோய்ப்பெயரின் வரலாறே விந்தையானது. இது பழஞ்சீனப் பெயரன்று. 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் பரப்பிய கருத்து, ஜப்பான் வழியாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்துக்கு வந்தது. நரம்பு என்பதற்குரிய 'ஷென்ஜிங்' என்ற சொல்லும், 1774இல் டச்சு உடற்கூற்று நூலை மொழிபெயர்த்த ஜப்பானியர் உருவாக்கியதே. ஷென் என்றால் உயிராவி. ஜிங் என்றால் நாளம். இரண்டும் நெய்ஜிங்கின் பழைய சொற்கள். புதிய நோய் பழைய உடலுக்குள் எளிதாகக் குடியேறிவிட்டது. பியர்டின் நாட்டிலோ, அமெரிக்க மனநலக் கழகத்தின் கையேடு 1980இல் அப்பெயரைக் கைவிட்டது. கிளைன்மன் சாங்ஷாவுக்கு வந்த அதே ஆண்டு!

ஆய்வின் முடிவு: 100 பேரில் 87 பேருக்கு, மேலைநாட்டு அளவைகளின்படி, கடும் மனச்சோர்வு இருந்தது. அவர்களின் வாழ்வை விசாரித்தபோது, 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியின் பத்தாண்டுகள் பலரிடம் வெளிப்பட்டன. அவமதிப்புகள், பிரிந்த குடும்பங்கள், விருப்பமில்லாத ஊரில் விருப்பமில்லாத வேலை. அந்தப் பத்தாண்டில் நம்பிக்கையிழந்தேன் என்று ஒருவர் சொல்வது நோயாகாது, அரசியல் குற்றமாகலாம். தலை வலிக்கிறது என்று சொல்வது குற்றமன்று. சொல்லமுடியாத துயரத்துக்கு உடல் ஒரு மொழியாயிற்று.

இதை உளநோயின் உடல்வேடம் என்று பலர் புரிந்துகொண்டனர். உண்மையான நோய் மனத்தில் இருக்கிறது, உடல்வலி அதன் முகமூடி என்பது அதன் பொருள். இந்தப் புரிதலைச் சீன மருத்துவத்துக்குள்ளிருந்து பார்த்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். சீன மருத்துவமனையில் உணர்ச்சிசார் நோய்களுக்கு நடக்கும் சிகிச்சையைக் கண்டு யான்ஹுவா சாங் எழுதிய நூல் 2007இல் வெளியாயிற்று. மார்பு அடைக்கிறது என்று சொல்பவர் எதையும் மறைக்கவில்லை, அவருக்குத் துயரமும் அடைப்பும் ஒன்றே என்பதை அந்நூல் விளக்குகிறது. முகமூடி என்று சொல்ல, முகம் வேறெங்கோ இருக்க வேண்டும்.

நாம் இவ்விரண்டையும் ஏற்கிறோம். வலி பொய்யன்று என்பதில் நெய்ஜிங் நமக்குத் துணை நிற்கிறது. வலியோடு நின்றுவிடலாகாது என்பதைச் சாங்ஷா கற்பிக்கிறது. கிளைன்மனின் நோயாளிகளில் பலருக்கு மனச்சோர்வுக்கான மருந்து நோய்க்குறிகளைத் தணித்தது. ஆனால் வேலையிலும் வீட்டிலும் இருந்த சிக்கல் தீராதவர்கள் தம்மை நலம் பெற்றவர்களாகக் கருதவில்லை. சின் கேச்சிங்கின் மருந்துச் சீட்டுக்கும் இதற்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொலைவு இருக்கிறது; வேறு வேற்றுமை அதிகமில்லை.

கல்லீரலில் சினம் குடியிருப்பதாக இன்றைய அறிவியல் சொல்வதில்லை. ஐந்து உறுப்புக்கு ஐந்து உணர்ச்சி என்ற பொருத்தம் ஒரு பேரரசின் ஒழுங்கு ஆசையிலிருந்து பிறந்தது. அதை உடற்கூறாகக் கொண்டு, மருத்துவரிடம் செல்லாமல் இருந்துவிடலாகாது. தொண்டையில் அடைப்பு என்றால் குழாய் விட்டுப் பார்க்கத்தான் வேண்டும். நம் சின்னம்மாவுக்கு அந்த மூன்று மருத்துவர்கள் செய்த சோதனைகள் தேவையானவையே. சோதனைக்குப் பின் அவர்கள் சொன்ன சொல்லைத்தான் நாம் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சின்னம்மா இப்போது இல்லை. அவர் இருந்தவரை அந்த அடைப்பும் இருந்தது. சில நாள் மிகும், சில நாள் குறையும். கணவர் இறந்த பிறகு அந்த வீடு யார் பெயருக்குப் போயிற்று, அவர் எந்த அறையில் படுத்தார், யாரிடம் பேசினார் என்பதையெல்லாம் நாம் பின்னாளில்தான் அறிந்துகொண்டோம். "நான் பொய் சொல்றேனா?" என்ற கேள்விக்கு, இல்லை சின்னம்மா, அங்கே கொட்டை இருக்கிறது என்று அன்றே சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லியிருந்தால், அது எப்போது வந்து விழுந்தது என்று அடுத்த கேள்வியை நாமே கேட்டிருப்போம்.